மரத்த காலும் மருந்தை வெல்லும் கிருமியும்

புனேயிலிருந்து மும்பைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பிம்பிரி என்றோர் ஊர் இருக்கிறது. கட்கி, தேஹு ரோடு, ராஸ்தா பேட் முதலிய இடங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தப் பெயர் மிகவும் பழக்கமானதே. ஆயினும் நம் நாட்டு மருத்துவ வரலாற்றில் அவ்வூருக்கு உள்ள இடத்தை நம்மில் பலர் அறியோம். 1954-ம் ஆண்டில், உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடும், ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியான யுனிசெஃபின் உதவியோடும், இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்னும் அரசாங்கத் தொழிற்சாலை அங்கே நிறுவப்பட்டது. மறு ஆண்டில் பெனிசிலின் உற்பத்தி தொடங்கிற்று. பின்னர் காளான் நோய்களைத் தீர்க்கும் ‘ஹமைசின்’ என்ற மருந்தையும் அத்தொழிற்சாலையின் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் கப்பலேறி வந்துகொண்டிருந்த அருமருந்து, நம் நாட்டிலேயே விளையத் தொடங்கிய காலம் அது.

அதே 1954-ல் சென்னை ராயபுரத்தில் டாக்டர் எம். விசுவநாதன் ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். பிற்காலத்தில் அது நீரிழிவு நோய்க்கென்றே உரியதாகி, நீரிழிவினால் காலில் தோன்றும் கோளாறுகளுக்குச் சிகிச்சை செய்வதிலும் ஆராய்ச்சி நடத்துவதிலும் பெயர் பெற்றது. ஒன்று கிருமியை வெல்லும் மருந்தின் கதை; மற்றொன்று நீரிழிவின் கதை. இவ்விரண்டு கதைகளும் இன்று சந்திக்கின்ற இடம் ஒன்று உண்டு. அது நீரிழிவு நோயாளியின் காற்புண். அங்கே மருந்து தோற்கத் தொடங்கியிருக்கிறது. ஏன் தோற்கிறது, அதைத் தோற்காமல் காப்பதில் நமக்குள்ள பங்கு என்ன என்பனவற்றைச் சற்று ஆராய்வோம்.

முதலில் ஒரு சொல்லைக் கவனிப்போம். ஆன்டிபயாடிக் என்பதை மராத்தியில் ‘பிரதிஜைவிக்’ என்கிறார்கள். ‘நுண்ணுயிர் எதிர்ப்பி’ என்று தமிழில் எழுதுகிறோம். மூன்று மொழியிலும் பொருள் ஒன்றே: உயிருள்ள கிருமிக்கு எதிரான மருந்து. ‘புண்ணை ஆற்றும் மருந்து’ என்ற பொருள் இச்சொற்களில் எங்கும் இல்லை. சர்க்கரையைக் குறைக்கும் ஆற்றலோ, அடைபட்ட இரத்தக் குழாயைத் திறக்கும் ஆற்றலோ, மரத்த நரம்புக்கு உணர்ச்சி கொடுக்கும் ஆற்றலோ அதற்கு இல்லை. கிருமி இருந்தால் கிருமியோடு போராடும், அவ்வளவே. இதை மறப்பதிலிருந்துதான் எல்லாத் தொல்லைகளும் பிறக்கின்றன.

வலி என்னும் காவலாளி

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. ‘நான் ஒல்லியான உடல்வாகு உடையவன், எனக்கு எப்படி வரும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் புனேயிலேயே விடை கிடைத்திருக்கிறது. இந்நகரின் கே. இ. எம். மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் சி. எஸ். யாஜ்னிக், தோற்றத்தில் மெலிந்தும் உள்ளே கொழுப்பு மிகுந்தும் இருக்கும் இந்திய உடலமைப்பைப் பற்றி விரிவாக ஆராய்ந்தவர். 2004-ல் அவரும் ஓர் ஆங்கிலேய நண்பரும் தங்களையே உதாரணமாகக் காட்டிக் கட்டுரை எழுதினார்கள். உயரத்துக்கேற்ற எடை இருவருக்கும் ஒன்றே. ஆனால் ஆங்கிலேயரின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலிலோ 21.2 சதவீதம்!

நீரிழிவு பல ஆண்டுகள் கட்டுக்கடங்காமல் இருக்குமானால், கால் நரம்புகள் சிறிது சிறிதாகக் கெடுகின்றன. முதலில் எரிச்சல், குத்தல், எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சி. பிறகு மரத்துப் போதல். எரிச்சல் நின்றுவிட்டதே என்று நோயாளி மகிழ்கிறார். உண்மையில் நின்றது நோயன்று, காவலாளியின் குரல். வலி என்பது உடலின் காவலாளி. செருப்பில் ஆணி குத்தினால் காலை எடுக்கச் சொல்வது அதுதான். காவலாளி இல்லாத வீட்டில் எது நுழைந்தாலும் தெரிவதில்லை.

இந்த உண்மையை உலகுக்குத் தெளிவாக்கிய பெருமையில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்த டாக்டர் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் கை கால்கள் ஏன் அழிகின்றன என்று ஆராய்ந்தார். சதை தானாக அழுகுவதில்லை, உணர்ச்சி அற்றுப்போனதால் தெரியாமல் படும் காயங்களே அங்கங்களை அழிக்கின்றன என்பது அவர் கண்ட முடிவு. அத்தகைய கால்களுக்கென மிருதுவான ரப்பர் அடி வைத்த காலணிகள் அங்கே உருவாயின. 1966-ல் அமெரிக்காவிலுள்ள கார்வில் என்னும் ஊருக்குச் சென்ற அவர், இதே பாடத்தை நீரிழிவு நோயாளிகளின் கால்களுக்கும் பயன்படுத்தினார். காற்புண் ஆற வேண்டுமானால் அதன்மேல் உடலின் பாரம் விழக் கூடாது; அதற்கெனக் காலின் வடிவத்துக்கேற்ப மாவுக்கட்டுப் போட்டுப் பாரத்தைப் பரப்பிவிட வேண்டும் என்பது அம்முறை. இன்றும் உலகெங்கும் பாதத்தின் அடியில் தோன்றும் புண்ணுக்கு முதன்மையான சிகிச்சையாகக் கூறப்படுவது பாரத்தை நீக்குவதே ஆகும்.

ஆகவே கிருமிக்கு முன்னால் புண் இருக்கிறது. புண்ணுக்கு முன்னால் மரத்த கால் இருக்கிறது. நீரிழிவு உடையவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை, வாழ்நாளில் ஒரு முறையேனும் காற்புண்ணுக்கு உள்ளாகக் கூடும் என்று மருத்துவ ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

புண்ணில் கிருமி குடியேறும் விதம்

தோல் நம் உடலின் கோட்டைச் சுவர். அது பிளந்தவுடன் கிருமிகள் புகுகின்றன. சாதாரண மனிதனுடைய உடலில் வெள்ளை அணுக்கள் விரைந்து வந்து அவற்றை விழுங்கிவிடும். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தாலோ அந்த வீரர்களின் வேகமும் ஆற்றலும் குன்றிப்போகின்றன. இரத்தக் குழாய்களும் குறுகியிருந்தால் வீரர்கள் வந்து சேர்வதே அரிது. இங்கே ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். நாம் விழுங்கும் மாத்திரையும், ஊசியின் வழியே ஏற்றும் மருந்தும் இரத்தத்தோடுதான் காலுக்குச் செல்ல வேண்டும். வாய்க்காலில் நீர் வராத வயலுக்கு, அணையில் நீர் நிரம்பியிருந்து என்ன பயன்?

மேலை நாடுகளில் இத்தகைய புண்களில் பெரும்பாலும் காணப்படுவது ஸ்டபிலோகாக்கஸ் என்னும் பாக்டீரியா. நம் நாடு போன்ற வெப்ப நாடுகளில் சூடோமோனாஸ், ஈ. கோலை, கிளெப்சியெல்லா, புரோட்டியஸ் முதலியனவும் மிகுதியாகக் காணப்படுகின்றன. ஒரே புண்ணில் பல வகைக் கிருமிகள் சேர்ந்து வாழ்வதும் உண்டு. நாட்பட்ட புண்ணில் அவை தங்களைச் சுற்றி வழவழப்பான ஒரு படலத்தைப் போர்த்திக்கொள்கின்றன. மழைக்காலத்தில் கல்லின் மேல் படியும் பாசியை நாம் கண்டிருக்கிறோம். நீரை ஊற்றினால் அது போவதில்லை, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அதுபோலவே இப்படலத்துக்குள்ளும் மருந்து எளிதில் இறங்குவதில்லை. இதனாலேயே செத்த சதையைச் சுரண்டியும் வெட்டியும் நீக்குவதை மருத்துவர் வற்புறுத்துகிறார். அதை அஞ்சி, ‘ஊசி மட்டும் போடுங்கள்’ என்று கேட்பது புண்ணை வளர்ப்பதாகும்.

உள்ளே புரையோடிய புண் எலும்பைத் தொட்டுவிட்டால் நிலைமை கடுமையாகிறது. காற்புண்களில் பாதிக்கு மேற்பட்டவை கிருமித் தொற்றுக்கு உள்ளாகின்றன என்றும், ஓரளவு கடுமையான தொற்றுக்கு உள்ளானவற்றுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, விரலையோ காலையோ நீக்குவதில் முடிகிறது என்றும் கூறுவர். நம் முன்னோர்கள் நீரிழிவுக்காரருக்கு முதுகிலும் பிடரியிலும் வரும் கட்டியை ‘இராசபிளவை’ என்று அழைத்து அஞ்சினார்கள். அந்த அச்சம் காலில் தோன்றும் புண்ணைக் கண்டும் நமக்கு இருக்க வேண்டும்.

கிருமிகள் கற்ற பாடம்

பெனிசிலினை 1928-ல் கண்டவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். அம்மருந்து பொதுமக்களின் கைக்கு எட்டுவதற்கு முன்பே, 1940-ல், அதைச் சிதைக்கும் நொதியொன்றைச் சில பாக்டீரியாக்கள் உண்டாக்குவதை ஆக்ஸ்ஃபோர்டில் ஆபிரகாம், செயின் என்னும் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். 1945-ல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் ஃபிளெமிங்கே ஓர் எச்சரிக்கை விடுத்தார். தொண்டை நோவுக்குத் தாமே மருந்து வாங்கிப் போதாத அளவில் உட்கொள்ளும் ஒரு கற்பனை மனிதரை அவர் எடுத்துக்காட்டினார். அம்மனிதர் பிழைத்துக்கொள்கிறார். ஆனால் அவரிடத்தில் மருந்தை எதிர்க்கப் பழகிய கிருமி அவருடைய மனைவியைத் தொற்றுகிறது; அவளுக்கு மருந்து பலிக்காமல் உயிர் போகிறது. இதை அவர் கூறியது, பிம்பிரியில் தொழிற்சாலை எழும்புவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு!

கிருமி பாடம் கற்கிறது என்பது உவமைதான். உண்மையில் நடப்பது இது. கோடிக்கணக்கான கிருமிகளில் மருந்தைத் தாங்கும் இயல்புடையவை ஒரு சில இருக்கக் கூடும். மருந்து மற்றவற்றைக் கொன்றுவிட, அந்தச் சில மட்டும் எஞ்சிப் பெருகுகின்றன. களைக்கொல்லி தெளித்த வயலில் அதற்குச் சாகாத களை மட்டும் தழைப்பதை ஒப்பது இது. அவை மருந்தைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கலாம்; உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துத் தள்ளலாம்; மருந்து பற்றும் இடத்தையே மாற்றிக்கொள்ளலாம். அதனினும் அபாயமானது வேறொன்று: இந்த வித்தையை ஒரு கிருமி அடுத்த கிருமிக்கு, இனம் வேறானாலும், கையளிக்க வல்லது.

பெனிசிலினை எதிர்த்த ஸ்டபிலோகாக்கஸை அடக்க 1959-ல் மெதிசிலின் வந்தது. 1961-லேயே அதையும் எதிர்க்கும் கிருமி பற்றிய செய்தி இங்கிலாந்திலிருந்து வெளியாயிற்று. கார்பபெனெம் என்னும் வலிமைமிக்க மருந்தினத்தைச் சிதைக்கும் புதிய நொதியொன்று பரவியிருப்பதைப் பற்றி 2010-ல் லான்செட் குழும மருத்துவ இதழொன்றில் வெளியான கட்டுரை உலகைத் திடுக்கிடச் செய்தது. அதன் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி என்ற தமிழ் ஆராய்ச்சியாளர். மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக நேர்ந்த மரணங்கள் 2019-ம் ஆண்டில் மட்டும் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் என்று மதிப்பிடப்பட்டுள்ளது.

எந்த மருந்து, எத்தனை நாள்?

ஓர் உதாரணம் காண்போம். தொழிற்சாலையில் கடைசல் வேலை செய்யும் ஒருவருக்குப் புதுப் பூட்ஸ் கடித்துப் பெருவிரலின் கீழே புண் உண்டாகிறது. மரத்த காலாதலால் அவர் அறியவில்லை. காலுறையில் கறையைப் பார்த்த பிறகே அறிகிறார். மருந்துக் கடையில் காலைக் காட்டி, ஐந்து மாத்திரை வாங்கி விழுங்குகிறார். சீழ் குறைகிறது, நிறுத்திவிடுகிறார். மூன்று வாரத்தில் மீண்டும் சீழ். இம்முறை விலை அதிகமான வேறு மாத்திரை. இதற்கிடையே ஒருநாள்கூட அவர் காலுக்கு ஓய்வு தரவில்லை, சர்க்கரையைச் சோதிக்கவில்லை. நான்காம் மாதம் மருத்துவமனையை அடையும்போது, பரிசோதனைத் தாளில் மருந்துகளின் பெயர்களுக்கு எதிரே ‘ஆர்’ என்ற எழுத்து வரிசையாக நிற்கிறது. ‘இம்மருந்தைக் கிருமி எதிர்க்கிறது’ என்பது அதன் பொருள். ‘எஸ்’ என்றிருந்தால் கிருமி அம்மருந்துக்கு அடங்கும் என்று பொருள்.

இந்தப் பரிசோதனையைக் ‘கல்ச்சர்’ என்று மக்கள் சொல்வர். புண்ணின் ஆழத்திலிருந்து எடுத்த சதைத் துணுக்கிலுள்ள கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, எந்த மருந்தைக் கண்டு அது அடங்குகிறது என்று பார்ப்பார்கள். முடிவு கிடைக்க இரண்டு மூன்று நாட்கள் ஆகலாம். புண்ணின் மேற்பரப்பைப் பஞ்சினால் துடைத்தெடுப்பதைவிட, சுத்தம் செய்தபின் ஆழத்துச் சதையை எடுப்பதே சிறந்தது. ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே எடுத்துவிட்டால் இன்னும் நன்று. நிலைமை கடுமையாக இருந்தால் மருத்துவர் அனுபவத்தைக் கொண்டு ஒரு மருந்தைத் தொடங்கி, முடிவு வந்ததும் மாற்றியமைப்பார்.

இன்னொன்று வியப்பாகத் தோன்றலாம். திறந்த புண் எதிலும் கிருமிகள் இருக்கத்தான் இருக்கும். அவை இருப்பதனால் மட்டும் அது தொற்று ஆகிவிடாது. வீக்கம், சிவப்பு, சூடு, வலி, சீழ் ஆகியவற்றுள் இரண்டேனும் இருந்தால்தான் தொற்று என்று கொள்வது வழக்கம். தொற்று இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டாம் என்றே 2023-ல் வெளியான சர்வதேச நெறிமுறைகள் கூறுகின்றன. ஆயினும் மரத்த காலில் வலி தெரியாது. மாநிறத் தோலில் சிவப்பும் எளிதில் தெரியாது. ஆகையால் இதை முடிவு செய்யும் பொறுப்பு மருத்துவருடையது; நம்முடையதும் அன்று, கடைக்காரருடையதும் அன்று.

எத்தனை நாள்? சதையோடு நின்ற தொற்றுக்குப் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரம். எலும்பைத் தொட்டு, அந்த எலும்பு அகற்றப்படாதிருந்தால் ஏறத்தாழ ஆறு வாரம். குறித்த காலத்துக்கு முன்பு நாமாக நிறுத்துவது தவறு. புண் முற்றிலும் ஆறும்வரை உண்போம் என்று நாமாக நீட்டிப்பதும் தவறே. தேவைக்கு மேல் உண்ட ஒவ்வொரு மாத்திரையும் கிருமிக்குக் கொடுக்கும் பயிற்சியாகும்.

அரசாங்கமும் சில கட்டுப்பாடுகளை விதித்துள்ளது. 2014 மார்ச் 1-ந் தேதி முதல் நடைமுறைக்கு வந்த ‘எச்-1’ அட்டவணைப்படி, அதில் சேர்ந்த வலிமைமிக்க ஆன்டிபயாடிக்குகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது; விற்றதைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டும். மாத்திரை அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் சொல்லாமல் உண்ணலாகாது என்று உணர்த்துகிறது. எந்த மொழியும் தெரியாதவரும் படிக்கக்கூடிய எழுத்து அது.

வெளி மாநிலத்தில் வாழ்வோர் கவனத்துக்கு

ஊரை விட்டு வந்து வாழும் நமக்குச் சில தனித் தொல்லைகள் உண்டு. மொழிக்குத் தயங்கி மருத்துவமனைக்குச் செல்லாமல், அறிமுகமான கடைக்காரரிடம் விரலால் சுட்டி மாத்திரை வாங்குவது ஒன்று. சென்ற ஆண்டு ஊர் டாக்டர் எழுதிய சீட்டையே இவ்வாண்டும் நீட்டுவது மற்றொன்று. ‘பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது காட்டிக்கொள்ளலாம்’ என்று ஒத்திப்போடுவது மூன்றாவது. இதுவே மிகக் கொடியது. காற்புண் ரயில் டிக்கெட்டுக்காகக் காத்திருப்பதில்லை.

தயக்கம் வேண்டாம். ‘மலா மதுமேஹ ஆஹே, பாயாலா ஜகம் ஜாலீ ஆஹே’ என்னும் இரண்டு மராத்தி வாக்கியங்கள் போதும். ‘எனக்கு நீரிழிவு இருக்கிறது, காலில் காயம் ஏற்பட்டிருக்கிறது’ என்பது பொருள். புனேயில் சசூன் பொது மருத்துவமனையும், பிம்பிரியில் யஷ்வந்த்ராவ் சவாண் நினைவு மருத்துவமனையும் பொதுமக்களுக்கென உள்ளவை. ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில், எந்த ஆன்டிபயாடிக்கை எந்தத் தேதியில் தொடங்கி எத்தனை நாள் உண்டோம் என்று எழுதிவையுங்கள். கல்ச்சர் முடிவையும் அதிலேயே ஒட்டிவையுங்கள். புனேயிலிருந்து மதுரைக்குச் சென்றாலும், மதுரையிலிருந்து திரும்பினாலும், அடுத்த மருத்துவருக்கு அதைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை.

தேஹுவிலிருந்தும் ஆளந்தியிலிருந்தும் புறப்படும் பல்லக்குகளைப் பின்பற்றி, ஆஷாட ஏகாதசிக்குப் பண்டரிபுரம்வரை நடந்து செல்லும் அடியார் கூட்டத்தை இங்குள்ளோர் ஆண்டுதோறும் காண்கிறோம். பழனிக்குப் பாதயாத்திரை செல்லும் மரபில் வந்த நம்மில் சிலரும் அதில் கலந்துகொள்வதுண்டு. பக்தி குறைய வேண்டியதில்லை. ஆனால் நீரிழிவு உள்ளவர் மருத்துவரிடம் காலைக் காட்டாமல் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். மரத்த காலுக்குச் சுடுமணலும் தெரியாது, முள்ளும் தெரியாது.

கால் ஆணியைப் பிளேடினால் வெட்டாதீர்கள். கொதிநீரில் காலை வைக்காதீர்கள். நீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள். செருப்பணியுமுன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். கால் வீங்கினாலும், சிவப்புப் பரவினாலும், நாற்றம் வந்தாலும், தோல் கறுத்தாலும், காய்ச்சல் கண்டாலும், காரணமின்றிச் சர்க்கரை ஏறினாலும், மறுநாள் வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

புதிய ஆன்டிபயாடிக்குகள் கிடைப்பது அரிதாகி வருகிறது. இருக்கின்றவற்றைக் குடும்பச் சொத்தைப் போலப் போற்றி, தேவையானபோது மட்டும் எடுத்துச் செலவழிக்க வேண்டும். அதற்கான முதல் வேலைக்குக் காசு வேண்டாம், மருந்தும் வேண்டாம். இரவில் படுக்குமுன் விளக்கடியில் அமர்ந்து இரண்டு பாதங்களையும், விரலிடுக்குகளையும் பார்க்க வேண்டும். குனிய இயலாதவர்கள் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துக்கொள்ளலாம். அல்லது பேரக் குழந்தையைப் பார்க்கச் சொல்லலாம். வலி என்னும் காவலாளி உறங்கிவிட்ட வீட்டில், கண்கள்தாம் காவல் புரிய வேண்டும்.